சிந்துவுக்கு எது ஆகாது

ஆடி 27, செவ்வாய்

விடியும்போதே காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில். எடுத்து வரப் போனால் அந்தம்மா கதவைத் திறக்க அவ்வளவு நேரம். உள்ளே டி.வி. சத்தம். காது கேட்காதவள் மாதிரி இருந்துகொண்டாள். இருக்கட்டும்.

பேத்தி சிந்து ஓடிவிட்டு வந்தாள். கண்மாய்க் கரையில்தான் ஓடுகிறாள். ஆனையூரில் எங்கள் பக்கம் வேறு இடம் ஏது. வாசலில் ஷூவைக் கழற்றும்போதே நெஞ்சுக்குள் விசில். மூக்கு, கண் எல்லாம் சிவப்பு. அடுக்குத் தும்மல். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகைத் தடவிவிட்டேன். "ஒண்ணுமில்ல அப்பத்தா" என்கிறாள். ஒன்றுமில்லை என்றால் சுவர் எதற்கு.

புரட்டாசியில் அவளுக்கு ஓட்டம் இருக்கிறது. பி.டி. டீச்சர் படிப்பில் சேருவதற்கு மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டுமாம். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க். ஓட்டத்தில் தவறினால் இடம் கிடையாது. இடம் இல்லை என்றால் திருமங்கலத்து இரும்புக்கடைப் பையன். அவளுடைய அம்மாச்சி கொண்டுவந்த வரன். அதாவது என் சம்பந்தியம்மா. இனி ச. என்று எழுதுகிறேன். முழுசாக எழுதினால் மை தண்டம்.

என் மகன் பாண்டி நடுவில் நிற்கிறான். ஓடி ஜெயித்தால் படிக்கட்டும், முடியாவிட்டால் அவர்கள் சொல்வதையும் யோசிக்க வேண்டும் என்கிறான். சொல்லிவிட்டுக் கப்பலூர் கம்பெனிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இட்லி மாவு புளித்துவிட்டது. ராத்திரிக்குத் தோசை.

ஆடி 28, புதன்

காற்று நிற்கவில்லை. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது. கீரைக்கு ஆயிற்று.

சிந்து தின்னக் கூடாதவை: நிலக்கடலை, எள், கோதுமை, சோளம், தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம். இன்னும் இரண்டு மூன்று உண்டு.

போன வருசம் விசில் ஆரம்பித்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கக் காகிதம் வந்தது. பாதிக்கு மேல் சிவப்புக் கோடு. டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் ச. வாங்கிப்போய்த் தன் அண்ணன் மகனிடம் காட்டினாள். மருந்துக்கடையில் நிற்கிறவன். சிவப்பு போட்டதெல்லாம் இவளுக்கு விஷம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து என் மருமகள் கலா சமையலறையைக் காலி செய்ததுதான். என்னுடைய கடலைச் சட்னியும் அதோடு போயிற்று.

பள்ளிக்கூடம் போகிற வயசில் இவள் பையில் கடலைமிட்டாய் இல்லாத நாள் உண்டா. அன்றைக்கே சொன்னேன். கிழவி பேச்சு என்று விட்டார்கள். இப்போது பிள்ளைக்குக் கழுத்தெலும்பு தெரிகிறது. ஓடுகிற பிள்ளை.

சாயங்காலம் கலா என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். அலர்ஜிக்கென்றே படித்த டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறாராம், ஆவணி ஆறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறாராம். அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். என்னிடம் சொல்லிவிட்டாள். நான் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் சந்தோசம்.

ஆவணி 5, வியாழன்

வெயில். முகூர்த்த நாள், தெருவுக்குத் தெரு மைக்செட்.

ச. வீட்டுக் கல்யாணம். பசுமலைப் பக்கம் மண்டபம். போகாமல் இருக்க முடியுமா. போனேன். பாண்டி கல்யாணத்தில் எங்கள் ஆட்களை இரண்டாம் பந்திக்கு நிறுத்தி வைத்தவள் இவள். அன்று அரக்குப் பட்டு கட்டியிருந்தாள், மாம்பழக்கரை. பாயசத்தில் முந்திரி இல்லை. இன்றைக்கு முதல் பந்தியில் இலை போட்டாள். அதற்காக அன்று நடந்தது இல்லையென்று ஆகிவிடாது.

சிந்துவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மருதாணி. நேற்றே ஆள் வைத்துப் போட்டுவிட்டிருக்கிறாள் ச. அதோடு போட்டோவில் மூக்கு சிவப்பாகத் தெரியக்கூடாது என்று தும்மல் மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். மாத்திரை எதுவும் போடாமல் வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். கலா அதைப் பிள்ளையிடம் சொன்னாள், அம்மாவிடம் சொல்லப் பயந்துவிட்டாள். பிள்ளைக்கு அம்மாச்சி நீட்டியதை மறுக்க வாய் வரவில்லை.

திருமங்கலத்துப் பையனின் அம்மாவும் வந்திருந்தாள். சிந்துவை மேலிருந்து கீழே பார்த்தாள். சந்தையில் மாடு வாங்க வந்தவன் பார்க்கிற பார்வை.

ஆவணி 6, வெள்ளி

ஆஸ்பத்திரி. எழுத நிறைய இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. சௌராஷ்டிரா வீட்டுப் பெண். நாங்கள் உள்ளே போனபோது போனில் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாடு இன்னும் சாப்பிடவில்லை என்று அம்மாவிடம் சமாளிக்கிறார் என்று தெரிந்தது. அதற்குப் பாஷை வேண்டாம்.

சிந்துவின் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு கல்யாணம் பாட்டி?"

"யாரு கல்யாணமா இருந்தா என்ன தாயி, கெட்டது எங்க காரியம்."

கையில் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசியால் லேசாகக் கீறிப் பார்ப்பார்களாம். ஆகாதது இருந்தால் அந்த இடம் தடித்துச் சிவக்கும். மருதாணிச் சிவப்பில் எந்தச் சிவப்பைப் பார்ப்பது. முதுகில் போடலாம் என்றால் மாத்திரை உள்ளே இருக்கிறது, தடிக்கவே தடிக்காது. நெஞ்சிலும் விசில். அப்படி இருக்கும்போது கீறக் கூடாதாம். கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. பழைய காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "பாட்டி, இதுல முட்டை இல்ல, பால் இல்ல, மீன் இல்ல. சிவப்பு விழுந்தது எல்லாமே மண்ணுல முளைச்சது. கவனிச்சீங்களா?"

யார் கவனித்தோம். ஒரு வருசமாக அந்தக் காகிதம் பீரோவில் இருந்தது. பயந்ததோடு சரி.

அப்புறம் கேட்டார், கடலை தின்று எப்போதாவது வாய் வீங்கியதா, தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா. இல்லவே இல்லை என்றேன். தேன்கடலை, கடலைமிட்டாய், அவித்த கடலை, எந்த வயசில் எங்கே வாங்கித் தின்றாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஓடும் இடத்தையும் கேட்டார். கண்மாய், உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம், இப்போது மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ரத்தத்தில் எதிர்ப்பொருள் என்று ஒன்று இருக்கிறது. ஆகாததைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். சோதனை அதைத்தான் பார்க்கிறது. அதில் ஒரு ரகம் செடிகொடி எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு சர்க்கரைத் துணுக்கோடு ஒட்டும். (சர்க்கரை என்றதும் பயந்துவிட்டேன். அந்த வியாதி இல்லையாம்.) கடலையிலும் அந்தத் துணுக்கு, புல்லிலும் அதே, தக்காளியிலும் அதே. அதனால் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் சிவப்பு. உடம்பை அது ஒன்றும் செய்வதில்லை. மூச்சை அடைப்பது வேறு ரகம். அந்த ரகம் இவளிடம் எதற்காக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. "அப்ப இது எங்க ஊரு அடிதடி கேசு மாதிரி தாயி. அடிச்சவன் ஒருத்தன். பங்காளி அம்புட்டுப் பேரையும் மனுவுல எழுதிக் குடுத்துருவாங்கெ."

சிரித்தார். "ஆமா பாட்டி. ஆனா அடிச்சது யாருன்னு நான் இன்னும் பாக்கல. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்றார்.

என் வீட்டுக்காரர் பேரையும் அப்படித்தான் எழுதினார்கள். வாய்க்கால் தகராறு நடந்தபோது அவர் நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சோறு கொண்டுபோனவள் நான். தூக்குவாளியில் பழைய சோறும் சுண்டவற்றலும். இருந்தும் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார். எழுதிக் கொடுத்தவன் பேர் தெரியும். இந்த நோட்டில் அவனுக்கு இடம் கிடையாது.

ரத்தம் எடுத்த பெண் நன்றாக இருக்க வேண்டும். சிந்துவுக்கு நரம்பு தெரியாது, போன தடவை குத்திக் குத்தி நீலம் பாரித்தது. இந்தப் பெண் மருதாணிக் கையைத் தடவித் தடவி விரலாலேயே கண்டுபிடித்தாள். ஒரே குத்து. ரத்தத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் கலப்பார்களாம். சும்மா ஒட்டுகிற ரகமெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு விலகிவிடும். மிச்சம் என்ன நிற்கிறது என்று மறுபடி பார்ப்பார்கள்.

அதுவரை காலையும் ராத்திரியும் இழுக்க ஒரு இன்ஹேலர். கண்மாய்க்கரை கூடாது.

டாக்டரம்மா சாப்பிட்டாரோ என்னவோ.

ஆவணி 10, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. மூட்டு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ச. போன். கலாதான் எடுத்தாள், ஆனாலும் எனக்குக் கேட்டது. அவள் பேசினால் தெருவுக்கே கேட்கும். இன்ஹேலர் பழகிவிடுமாம், பழகினால் விடாதாம், பொம்பளைப் பிள்ளை வாயில் அதை வைத்துக்கொண்டு திரிந்தால் வெளியில் என்ன பேசுவார்களாம். கலா ம், ம் என்றாள். வைத்தபிறகு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

சிந்து மொட்டைமாடியில் நின்ற இடத்திலேயே குதிக்கிறாள். கீழே எனக்குத் தொம் தொம் என்று. எண்ணெய்க் கிண்ணம் ஆடுகிறது. ஆடட்டும்.

ஆவணி 14, சனி

மழைத் தூறல். மண்வாசம்.

முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் சிவப்பு சிவப்பாக. புதியதில் கடலை இல்லை, கோதுமை இல்லை, தக்காளி இல்லை, வேம்பு இல்லை, தென்னை இல்லை, புல்லும் இல்லை. ஒன்றே ஒன்று நின்றது, முன்னைக்கு இம்மியும் குறையாமல். சீமைக்கருவேலம். அதன் பூந்தூள்.

சிந்து அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்தாள். "இத்தன நாளு அதுக்குள்ளயே போய் ஓடியிருக்கேன் அப்பத்தா."

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் கண்மாயில் இந்த முள் கிடையாது. அல்லியும் நாணலும்தான். பிறகு எல்லாக் கண்மாயிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. விறகுக்கு ஆகும் என்று நாங்களும் விட்டுவைத்தோம். யார் என்ன கெடுதல் செய்தார்கள் என்று நான் வைத்திருக்கும் கணக்கில் அதுவும் இன்று முதல் சேர்த்தி.

டாக்டரம்மா சொன்னவை: பூக்கிற காலத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது. வேறு இடத்தில் ஓடலாம். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, ஓடுவதற்கு முன்னால் இழுக்கும் நீலக் குழாய் தனி. பின்னால் வேண்டுமானால் உடம்பைப் பழக்குகிற ஊசி உண்டு, அதற்கு வருசக்கணக்கு ஆகும், அவசரமில்லை. ஓட்டம்? "ஓடட்டும் பாட்டி. ஓடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

யார் சொன்னா என்று எனக்குத் தெரியும்.

கடலையை மட்டும் வீட்டில் வைத்து ஆரம்பிக்க வேண்டாமாம். ரொம்ப நாள் நிறுத்திவிட்டதால் தன் கண்முன்னால் தின்று காட்டச் சொன்னார். செவ்வாய்க்கிழமை. கடலை நாம் கொண்டுபோக வேண்டும்.

ஆவணி 17, செவ்வாய்

மூடாக்கு.

காலையில் நானே கடலை அவித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். நினைப்பு எங்கோ இருந்தது.

டாக்டரம்மா அறையில் கட்டில் போட்டு, பக்கத்தில் ஊசி மருந்தெல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் கடலைப் பாத்திரத்தை மடியோடு இறுக்கிக்கொண்டேன். அடிதடி கேசு என்று வாய் பேசியவள் நான்தான். கிழவி வாக்கை நம்பி ஏதாவது ஆகிவிட்டால்?

முதலில் ஒரு துணுக்கு. உட்கார்ந்தோம். அப்புறம் அரைப் பருப்பு. உட்கார்ந்தோம். நர்ஸ் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டுப் போனாள். கலா பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கழுத்தை. சிந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டு பேரும் இப்பிடிப் பாத்தா கடலை இல்லாமயே எனக்கு மூச்சு முட்டும்" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கைப்பிடி அளவு தின்றுவிட்டாள். அதற்கப்புறமும் இருக்க வைத்தார்கள். தடிப்பு இல்லை. வீக்கம் இல்லை. விசில் இல்லை. மிச்சக் கடலையை டாக்டரம்மா ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு ஜாஸ்தி பாட்டி" என்றார்.

அந்த அம்மா நூறு வருசம் இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

பஸ்ஸில் கலா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து சாய்ந்ததில்லை. இறங்கும் இடம் வரை அசையாமல் இருந்தேன். கை மரத்துப் போயிற்று.

ஆவணி 22, ஞாயிறு

நல்ல வெயில். மிளகாய் காயப்போட்டேன்.

ச. வந்தாள். பையில் ஜாதகம். சிந்து கூடத்தில் உட்கார்ந்து இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் கடலைச் சட்னியோடு இட்லி. ச. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கடலையக் குடுத்துப் பிள்ளையக் கொல்லப் பாக்குறீகளா மதினி?"

பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அரக்குப் பட்டிலிருந்து தொடங்கியிருப்பேன். கலா முந்திக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

"அத்தைய ஏம்மா கேக்குற. என்னையக் கேளு. நீ காட்டுன காயிதத்த நம்பி எம்பிள்ளையப் பட்டினி போட்டது நானு. இனி போட மாட்டேன். அவ ஓடுவா. மாப்பிள்ள வீட்டுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிரு."

பாண்டி பேப்பருக்குப் பின்னால் இருந்தான். மடித்து வைத்தான். பசுமலையில் முள் இல்லாத மைதானம் இருக்கிறதாம், கம்பெனிக்குப் போகிற வழிதான், நாளையிலிருந்து தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். இவ்வளவு நாள் அந்த வழியாகத்தான் போய்வருகிறான். இன்றைக்குத்தான் மைதானம் கண்ணில் பட்டது போல. இருந்தாலும் பட்டதே.

ச. சிந்துவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தின்னா நெசமாவே ஒண்ணும் செய்யலையாடி?" என்று தாடையைப் பிடித்துக் கேட்டாள். பிடித்த கையை எடுக்கவில்லை. ச.வின் தங்கை மூச்சிளைப்பில் செத்துப்போனவள், பதினாறு பதினேழு வயசு இருக்கும். அது எனக்கு மறந்திருந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு எதுவும் மறக்காது. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காபி கொடுத்தேன். சர்க்கரை அளவாகப் போட்டேன். ச. கணக்கில் இரண்டாம் பந்தி அப்படியே இருக்கிறது. பட்டினி போட்டதை மட்டும் அடித்துவிடுகிறேன். கலா பேரில் இருந்ததில் பெரியது ஒன்றையும் அடித்துவிட்டேன். சின்னது இரண்டு கிடக்கட்டும், அவசரத்துக்கு.

ஆவணி 28, சனி

கரண்ட் இல்லை. விசிறி.

இருட்டோடு அப்பனும் மகளும் வண்டியில் போகிறார்கள். அவள் அங்கிருந்து பஸ்ஸில் திரும்பி வருகிறாள். நேற்று வரும்போது இரண்டு தும்மல். இன்று ஒன்றும் இல்லை. கழுத்தெலும்பு இன்னும் தெரிகிறது, ஆனால் முன்போல் இல்லை. எள்ளுருண்டை பிடித்து வைத்தேன். ராத்திரியோடு காலி.

முழுசாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டால் இல்லை. வியாழக்கிழமை காற்று திரும்பி அடித்தபோது மாடியிலேயே இருமினாள். ஜன்னலைச் சாத்தினோம். நீலக் குழாய் இரண்டு இழுப்பு. அடங்கியது. முன்பென்றால் என்னத்தால் வந்தது என்று தெரியாமல் அந்த வேளைச் சோற்றைக் குறை சொல்லியிருப்போம். எது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது. மீதிப் பயம் என்னோடு இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டாம்.

புரட்டாசி 9, வியாழன்

மூடாக்கு. காற்று இல்லை. நல்லது.

இன்றுதான் ஓட்டம். பாண்டி லீவு போட்டுவிட்டான். கலாவும் கூடப் போயிருக்கிறாள். என் மூட்டுக்கு வண்டி ஆகாது. நான் மட்டும் வீட்டில்.

சாமி விளக்கு ஏற்றினேன். கீரை ஆய்ந்தேன். புளி ஊறப்போட்டேன். பக்கத்து வீட்டம்மா தானாக வந்து, பிள்ளை கிளம்பிப் போயிற்றா என்று விசாரித்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். மிச்சக் கீரையை அவளும் ஆய்ந்தாள். துணையாகத்தான் இருந்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் போன். சிந்துதான்.

"அப்பத்தா, நேரத்துக்குள்ள வந்துட்டேன். பேரு எழுதிக்கிட்டாங்க."

மேலே என்னென்னவோ சொன்னாள். யாரோ கீழே விழுந்தது, யாரோ ஷூ கடன் கொடுத்தது. நான் பேச்சைக் கேட்கவில்லை. இடையில் அவள் இழுக்கிற மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடி முடித்த மூச்சு. பெரிசு பெரிசாக, திறந்து, உள்ளே போய் வெளியே வந்தது. விசில் இல்லை.

"அப்பத்தா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டி. நீ மூச்சு விடு."